நாலு துளை

தளி ரோட்டில், முள்ளங்கி வயல்களைத் தாண்டி
ஓடுதளம்.
கொட்டகைக்குள் நிற்கிறது அது.
தலைக்கு மேல் இறக்கை, அதில் இரண்டு எஞ்சின்,
மூக்கு முழுக்கக் கண்ணாடி.
குனிந்து பார்ப்பதற்கென்றே செய்த உடம்பு.
மெதுவாகப் போகத் தெரியும் என்பதுதான்
அதன் கெட்டிக்காரத்தனம்.

என் வேலை அதன் தரையோடு.
அடித்தகட்டில் நாலு துளை,
எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு.
எது வந்தாலும் அந்த நாலில்தான் முடுக்குவேன்.
கெலமங்கலம் குவாரியில் இடுப்பு நொறுங்கியவனை
ஸ்ட்ரெச்சரோடு முடுக்கி சென்னைக்கு அனுப்பினேன்.
பெல்ட்டில் கல்தூள் இன்னும் போகவில்லை.

துளைகளின் விளிம்போ
நான் வருவதற்கு முன்பே தேய்ந்திருந்தது.
பழைய லாக் புத்தகத்தில் ஆறு வருடத்துக்கு
ஒரே சொல்: கண்காணிப்பு.
எதை, எங்கே, யாரை
என்று எழுதக் கட்டம் இல்லை.
வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டினால்
அடியில் பச்சை.

இந்தக் கார்த்திகையில் வந்தது வெப்பக் கேமரா.
ஜவளகிரிக் காட்டிலிருந்து இறங்கும் யானைகளை
இருட்டில் எண்ண வேண்டுமாம்.
பைலட் பொன்னப்பா ராணுவத்தில் இருந்தவர்.
பெட்டியைத் திறந்ததும்
"இவனை எனக்குத் தெரியும்" என்றார்,
கேமராவைத்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி இறங்கி வந்தவர்
எஞ்சின் ஆறும் வரை இருக்கையிலேயே இருந்தார்.
"ஏரிக்கரையில் நாற்பத்தொன்று.
தள்ளி, தனியாக, ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி.
சுற்றினேன்.
புள்ளி படுத்துக்கொண்டது."

கொஞ்ச நேரம் கழித்து,
"அங்கேயும் இப்படித்தான் படுப்பார்கள்" என்றார்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஸ்பேனரைத் துடைத்தேன், சுத்தமாகத்தான் இருந்தது.

காலையில் புள்ளி கேட்டுக்கு வந்தது.
திம்மராயப்பன் என்று பேர்,
மேலெல்லாம் ராகித் தாள், ஒரு காலில் மட்டும் செருப்பு.
"பரண்ல கம்முனு இருந்தேன் சார்.
அதுங்களும் தண்ணி குடிச்சிட்டு கம்முனு போயிருக்கும்.
உங்க சத்தத்துல மிரண்டு
ஒண்ணரை ஏக்கரும் போச்சு.
யாரைத் தேடுனீங்க?"

பொன்னப்பா உள்ளே கூட்டிப்போய்
டீ வாங்கிக் கொடுத்தார்.
நஷ்ட ஈட்டுக்குப் புகைப்படம் கேட்பார்கள்,
நம்மிடம்தான் இருக்கிறதே என்று
பதிவை ஓட்டினார்.

நாற்பத்தொரு யானை, வெள்ளை வெள்ளையாக.
குட்டியின் காது மடல் கூடத் தெரிந்தது.
பரண் மேல் திம்மராயப்பனும் வெள்ளை.
"நான்தான்" என்று
திரையைத் தொட்டுப் பார்த்தான்.

"ராகி எங்க சார்?"

முன்னும் பின்னும் ஓட்டினார்.
மிதிபடும் முன்பும் கறுப்பு,
மிதிபட்ட பின்பும் அதே கறுப்பு.
உடம்புச்சூடு இல்லாத எதையும்
அது பார்ப்பதில்லை.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

நாளைக்கு வேறொரு பெட்டி வருகிறது,
தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்க.
ராகி வயல், பரண், ஏரி, எல்லாம்
அங்குல சுத்தமாகத் தெரியுமாம் அதில்.

நாலு போல்ட்டையும் கழற்றி
மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.