சிக்லில்ல சார்

திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு மைதானம் கிடையாது.
அன்றைக்குப் பை தூக்குகிறவர்கள் ஆடலாம்.
இந்த வருடம் கிறிஸ்துமஸ்
திங்கட்கிழமையில் வந்து விழுந்தது.

நடுச்சாமப் பூசை முடிந்து
லிங்கராஜபுரம் வந்து சேர மணி இரண்டரை.
எமில்டா கேக்கை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்து
மிச்சத்தை டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்தாள்.
நான் தூங்கவில்லை.
ஆறரைக்குக் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு
பொன்னுரங்கத்தின் ஸ்கூட்டரில் பின்னால்.
அவனுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை,
கேக் உண்டு.

நேற்று இங்கே சிவப்புத் தொப்பிப் போட்டி.
எல்லோருக்கும் பஞ்சுத் தாடி.
நாலாவது குழிக்குள் வியர்த்து அரித்து
எட்டுத் தாடிகள் என் பைக்குள் வந்துவிட்டன.
இருபத்திரண்டு வருடமாய்
யார் பந்து எங்கே விழும் என்று
மட்டை மேலே போகும்போதே சொல்லிவிடுவேன்.
என்னுடையது எங்கே விழும் என்று தெரியாது.

என்னிடம் நான்கு மட்டை,
நான்கு பேர் கழித்துக் கொடுத்தவை.
ஏழாம் நம்பர் இடதுபக்கம் இழுக்கும்,
பழைய சொந்தக்காரரைப் போலவே.

முதல் அடி நேராகப் போனது.
"நைஸ் ஷாட் சார்" என்றது என் வாய், என்னைக் கேட்காமல்.
பொன்னுரங்கம் பனிப்புல்லில் உட்கார்ந்து சிரித்தான்.
நூறு கஜம் நடந்த பிறகு பார்த்தால்
அவன் பையும் என் தோளில்.

பதினாலாவதில் வேலிப்பக்கம் போய்விட்டது.
புதுக் கம்பி போட
உண்ணிச்செடியை எல்லாம் போன மாதம் வெட்டியிருந்தார்கள்.
குனிந்து தேடினேன்.
கிடைத்தது வேறு பந்து.
மஞ்சளேறி, ஒரு பக்கம் கரையான் மண்.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
பச்சை மையில் இரண்டு புள்ளி.

உத்தையா சார்.

ஒன்பது வருடம் முன்னால்,
டிசம்பர் இருபத்து மூன்று, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
எட்டு மணிக்கு பேக்கரி மூடிவிடுவான்.
பெரியவளுக்கு அதுதான் முதல் கிறிஸ்துமஸ்.
காலால் இரண்டு கிளையை விலக்கினேன்,
அவ்வளவுதான்.
"சிக்லில்ல சார்."
தமிழில் என்றால் கொஞ்சம் தடுமாறியிருப்பேன்.

அவர் அபராதத்தைக் கார்டில் எழுதிக்கொண்டு
பழைய இடத்துக்கே திரும்பி நடந்தார்.
ஆட்டத்தை ஒரே அடியில் தோற்றார்.
கைகொடுத்தபோது கைக்குள் ஐந்நூறு ரூபாய்.
"மகளுக்கு" என்றார்.
கேக் முந்நூற்று இருபது.
மிச்சத்தில் வாங்கிய நட்சத்திரத்தைத்தான்
இன்னும் கட்டுகிறோம், ஒரு முனையில் டேப் ஒட்டி.

அவரை மடிக்கேரிக்குக் கொண்டுபோய் மூன்று வருடம் ஆகிறது.
போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில்
சில்லறைப் பாவங்களாக ஏழெட்டு சொன்னேன்.
இது ஞாபகத்துக்கே வரவில்லை.

"கெடச்சுதா?" கத்தினான் பொன்னுரங்கம்.
"கெடச்சுது."

கிடந்த இடத்திலிருந்தே ஏழாம் நம்பரால் அடித்தேன்.
மேலே போய், சில்வர் ஓக் கிளையை ஒட்டி இறங்கி
கொடிக்குப் பன்னிரண்டு அடியில் நின்றது.
வயிற்றில் என்னவோ செய்தது.
அங்கிருந்து குழிக்குள் போக மூன்று முறை தட்டினேன்.
கொஞ்சம் நிம்மதி.
க்ரீனில் அவரும் மோசம்தான்,
மூன்றுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.
எப்படியும் தோற்றிருப்பார் என்று
விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்.
சரியாக வரவில்லை.
பதினைந்தாவது போகும் வழியில் மறுபடி போட்டேன்.

வீட்டில் கறிக்குழம்பு வாசனை, நாற்காலிகள் இரவல் வந்திருந்தன.
குடிலில் ஒரு ஆடு குறைகிறது என்று
ஒரு வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள் சின்னவள்.
பந்தைக் கொடுத்தேன்.
"இதுக்குக் கால் எங்கே?"
"உட்கார்ந்திருக்கு."
யோசித்தாள்.
உருட்டி உருட்டிப் பார்த்து
புள்ளி இரண்டும் கண்ணாகும்படி
வைக்கோலில் பதித்தாள்.
மற்ற ஆடுகள் எல்லாம் பாலனைப் பார்த்தபடி.
இது மட்டும்
நான் இலை போட்டு உட்கார்ந்த இடத்தை.