பீரோவின் அடித்தட்டில் யுத்தம்

பெருந்துறை ஏலத்தில் முதலாளி எடுத்த பீரோ
திருப்பூர் வந்து இறங்கியது, அடித்தட்டில்
ஒட்டிக்கிடந்த யுத்தகாலச் செய்தித்தாளோடு.
டீ இடைவேளை. செக்கிங் அமுதவல்லி வாசித்தாள்:

'நமது படைகள் வெற்றிகரமாகப் பின்வாங்கின.'
"பையர் ஆடிட்டுக்கு வந்தன்னைக்கு
நாமளும் அப்படித்தானுங்க"
என்றார் கட்டிங் மாஸ்டர் தெய்வசிகாமணி.

'நகரெங்கும் இருட்டடிப்பு.'
சிரிப்பதற்குள் கரண்ட் போனது.

செல்போன் வெளிச்சத்தில் அடுத்தது:
'துணிக்குப் பங்கீடு, ஆளுக்கு இத்தனை கஜம்.'
ரிஜெக்ட் ஆன நாலாயிரம் பனியன் மூட்டைமேல்
உட்கார்ந்திருந்தோம்.

'சரக்குக் கப்பல் மூழ்கியது.'
முதலாளி மட்டும் எழுந்துபோய்
கன்டெய்னர் எங்கே என்று
யாருக்கோ போன் போட்டார்.

கரையான் விட்டுவைத்த கடைசி வரி:
'அடுத்த வாரத்துக்குள் நிலைமை சீராகும்.'

பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அமுதவல்லி.
"ஏனுங்க, இது நம்ம சம்பள நோட்டீசு இல்லீங்களா?"