இரண்டாவது கியர்

கந்தப்பளையில் ஜனவரி, விடிய நாலு மணி.
லீக்ஸ் பாத்தியெல்லாம் உப்புத் தூவின மாதிரி.
கண்ணாடியில் உறைந்ததை
பழைய ரீலோட் அட்டையால் சுரண்டுகிறேன்.
விரல் என் விரலாக இல்லை.

சாவியைப் பாதி திருப்பி
சுருள் விளக்கு மஞ்சளாய் எரிய
இருபது எண்ண வேண்டும்.
அவசரப்பட்டுப் பதினாலில் முறுக்கினால்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இந்த லைட் ஏஸ்,
என்னைவிட மூன்று வயது இளையது.
இன்று முப்பது எண்ணினேன்.
கர்ர்ர். கர்ர். கர்.
அப்புறம் அந்த டிக்.
டீசல் வண்டி வைத்திருக்கும் எவனும்
தூக்கத்திலும் அடையாளம் சொல்வான் அந்த டிக்கை.

வழக்கமாக இறக்கத்தில்தான் விடுவேன்,
டயருக்குக் கல் கொடுத்து, மூக்கு பள்ளத்தைப் பார்க்க.
நேற்று அங்கே தோட்டத்து டிராக்டர் நின்றது.
சமதரையில் போட்டுவிட்டு
நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், மடையன்.

பின் ஸீட்டில் பவளராணி.
இரண்டு ஸ்வெட்டர், மேலே புருஷனுடைய கோட்டு.
ஏழு மணிக்குக் கண்டியில் இரத்தம் சுத்திகரிக்க
அவளுக்கு ஒரு கட்டில்,
பிந்தினால் அது அடுத்த ஆளுக்கு.
மடியில் பிளாஸ்க்.
ஒரு நாளைக்கு அளந்து அரை லீட்டர்தான் குடிக்கலாம் அவள்.
"இத எஞ்சினுக்கு ஊத்திப் பாருங்களேன்."
ஊற்றினோம். ஆவி வந்தது, வேறொன்றும் வரவில்லை.

தள்ள ஆள் வேணும்.
அவள் மகன் திவாகர், காற்றடித்தால் சாய்கிறவன்.
ஸ்டோர் வாட்சர் பியதிலக, இருமிக்கொண்டு.
நான்.
இரண்டு பேருக்கு அசையாது.
மூன்று பேரும் தள்ளினால் உள்ளே யார்?
எல்லாரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தோம்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள்.
வீங்கிய இடது கால் கிளட்ச்சில்.
"ஐஸ் மாதிரி இருக்கு அண்ணே."
அமுக்கியே புடி. ரெண்டாவது கியர் போட்டாச்சு.
நான் விடுன்னா விடு.
"விட்டா ஓடுமா, நிக்குமா?"
எனக்கே தெரியாது, புள்ள.

தள்ளினோம்.
பியதிலக அந்த வண்டியின் தாயைப் பற்றி
சிங்களத்தில் ஏதோ சொன்னார்.
கோயில் மேடு தாண்டியதும் சக்கரம் லேசானது.
விடு!
விடவில்லை.
விடு புள்ள, விடு!

லயம் முழுவதையும் எழுப்பிவிட்டது அந்த ஒற்றை இருமல்.
புகைக்குள் திவாகரைக் காணவில்லை.
பவளராணி தனியாக ஓட்டிப் போனாள்
வளைவு வரைக்கும், பக்கத்தில் நான்
கதவைப் பிடித்தபடி, ரெண்டு காலையும் அமுக்கு
ரெண்டு காலையும் அமுக்கு என்று கத்திக்கொண்டு.
வண்டி நின்றது.
எஞ்சின் நிற்கவில்லை.

இறங்கு என்றேன். உடனே இறங்கவில்லை.
ஊசி ஏறி ஏறிப் புடைத்த கையை
ஸ்டியரிங்கில் வைத்துப் பார்த்தாள்,
எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டாள்,
திரும்பவும் ஸ்டியரிங்கில்.
நரம்பைச் சேர்த்துத் தைத்த நாளிலிருந்து
உள்ளே இரைந்துகொண்டே இருக்குமாம்.
"ரெண்டும் ஒரே சத்தம்தான் அண்ணே."

பிறகு பின்னால் போய் உட்கார்ந்தாள்.
ராம்பொடை வரை ஒன்றும் பேசவில்லை.
அருவிப் பாலம் தாண்டும்போது மட்டும்,
கண்ணை மூடிக்கொண்டே,
"கண்டியில பாத்து
இறக்கத்தில நிப்பாட்டுங்க."