கிடந்தது

நாற்பத்தோரு கைக்கடிகாரம் வைத்திருக்கும் ஆள்
என்னிடம் மணி கேட்டார்.

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்துப் பேக்கரி.
இரண்டாம் சனிக்கிழமை.
நான்கு டீ, இரண்டு தேங்காய் பன்,
நடுவில் விரித்த மஞ்சள் துணியில் இந்த மாதத்து வரவு.
ராயக்கோட்டைத் தக்காளி மண்டித் திம்மராயன்
முள் இல்லாத ஒரு ஹெச்.எம்.டி. ஜனதா கொண்டுவந்திருந்தார்.
எலத்தகிரி ஜெசிந்தா டீச்சர்
முள் மட்டும் கொண்டுவந்திருந்தார்.
"கிடந்தது" என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

இந்த மேசையில் யாரும் எதையும் கொடுப்பதில்லை.
எல்லாம் கிடந்ததுதான்.
சோப்பு டப்பாவில் கிடந்தது,
தையல் மெஷின் இழுப்பறையில் கிடந்தது,
சிக்பேட்டையில் ஒன்று வாங்கப்போய்
கூடவே இன்னொன்று கிடந்தது.
விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள்.
டயல் அசலா, மறுபடி பெயின்ட் அடித்ததா என்று
மூன்று மாதம் பேசாமல் இருந்தவர்களும்
இவர்கள்தான்.

என்னுடையது ஃபேவர் லூபா சீ கிங்.
காவேரிப்பட்டினம் பழைய இரும்புக் கடையில்
அறுநூறு ரூபாய்.
டயல் வெயிலில் பழுத்து மாங்கூழ் நிறமாகியிருந்தது.
நான் கூழ் ஃபேக்டரியில் சர்க்கரை அளவு பார்ப்பவள்,
அந்த நிறத்தை விட்டுவர முடியவில்லை.
உள்ளே பேலன்ஸ் முறிந்திருந்தது.
இரண்டு வருடம் தேடினேன்.
பெங்களூரில் இல்லை. மூர் மார்க்கெட்டில் இல்லை.
"இருக்கு" என்ற சேலத்துக்காரர்
அனுப்பியது வேறு மாடலுக்கு.

போன ஆடியில்
பழையபேட்டைத் தார்ப்பாய்க் கடை சமியுல்லா பாய்
கறுப்பு ஃபிலிம் டப்பா ஒன்றை
என் பக்கம் உருட்டிவிட்டார்.
பஞ்சுக்குள் பேலன்ஸ்.
"எங்க பாய் கிடைச்சுது?"
"கிடந்துச்சு மேடம்."
அன்றிரவு காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே
சாம்பாரைத் தீயவிட்டேன்.

இன்று அவர் மணி கேட்கிறார்.
ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கணுமாம்,
தங்கச்சி வீட்டில் விசேஷமாம்.
"ஆறு பத்து" என்றேன்.
"அப்ப ஆறு பதினாலு" என்று எழுந்தார்.

எழுந்தவர் அப்படியே நின்றார்.

சாயங்காலத்துக்குள்
நாலு நிமிஷம் பின்தங்கும் என் சீ கிங்.
தினம் காலையில் போனைப் பார்த்துத் திருத்துவேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் அந்த பேலன்ஸைக்
குறை சொன்னதாகிவிடும் என்று.

டீச்சர் பன்னைப் பிய்ப்பதை நிறுத்தினார்.
பாய் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டார்.
அதற்குள் பார்த்துவிட்டேன்.
அதே டயல், அதே மாங்கூழ்.
நொடிமுள் முப்பத்தெட்டில்
அசையாமல்.
வீட்டில் நாற்பது ஓடிக்கொண்டிருக்க
கையில் கட்டியிருந்தது
ஓடாத ஒன்று.

கேட்க வாயெடுத்தேன்.
"பஸ்ஸு" என்றார்.
யாரையும் சண்டைபோட விடாமல்
நான்கு டீக்கும் கல்லாவில் காசு வைத்துவிட்டு
ரோட்டைத் தாண்டிவிட்டார்.

முள்ளை முன்னே தள்ளக் கை போனது.
வேண்டாம், ஆறு பத்தாகவே இருக்கட்டும்.

அந்தக் கறுப்பு டப்பா வீட்டில் காலியாக இருக்கிறது,
பஞ்சோடு.
சேலத்துக்காரருக்கு மறுபடி போன் போட வேண்டும்.
இன்னொரு பேலன்ஸ் எங்காவது கிடக்கும்.
கிடக்காமல் எங்கே போகும்.