சுழி

இந்தக் கழகத்துக்கு விண்ணப்பம் இல்லை.
கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன்.
செயலாளர் நான்.
நீங்கள் எங்களிடம் வரமுடியாது.
நாங்கள்தான் வருவோம்,
மூன்று செமஸ்ரர் முடிந்த பிறகு,
மே மாதத்தில், ஒரு கடித உறைக்குள்.

மூன்று தசம் ஏழு சுழி.
அதைத் தொட்டால் பெயர் ஏறும், தொடாவிட்டால் ஏறாது.
மூன்று தசம் ஆறு ஒன்பதை
கிட்டிய தசமதானத்துக்குக் கொண்டுபோக
யாப்பின் ஆறாம் பிரிவு விடாது:
மட்டந்தட்டல் ஆகாது.
எண்களை மட்டந்தட்டுவது வேறு, ஆட்களை மட்டந்தட்டுவது வேறு.
இரண்டையும் செய்யாதவன் என்றுதான்
என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சந்தா, மூவாயிரம்.
சட்டையில் குத்த ஒரு பித்தளைச் சின்னம்,
வேர்வை பட்டால் இரண்டு கிழமையில் கறுக்கும்.
தடித்த பதிவேட்டில் கையெழுத்து.
ஒரு மெழுகுதிரியில் இருந்து அடுத்த மெழுகுதிரி.
சுடர் அணையாமலிருக்க
மண்டபத்து மின்விசிறிகளை நிற்பாட்டுவார்கள்,
கெட்டிக்காரர் எல்லோரும்
வேர்த்து ஊற்றச் சத்தியம் செய்வார்கள்.

ஆண்டுக்கு இருபது மணித்தியாலம்
கீழ் வருடத்தாருக்கு இலவசமாகப் படிப்பிக்க வேண்டும்.
இரண்டு செமஸ்ரர் தொடர்ந்து சறுக்கினால்
பெயருக்கு மேல் சிவப்புக் கோடு.
சின்னத்தை மட்டும் திருப்பிக் கேட்பதில்லை.
ஏன் என்று முந்தின செயலாளரைக் கேட்டேன்.
"கேக்க வெக்கமாயிருக்கும்" என்றார்.

விதிகள் இவ்வளவுதான்.
கேதாரணியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

புள்ளிவிபரவியல் சோதனையன்று அவளுக்கு டெங்கு.
பெரியாஸ்பத்திரிச் சான்றிதழ்
ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தது.
மறுபடி எழுதினாள். எண்பத்தெட்டு.
மறுபடி எழுதினால் 'சி'க்கு மேல் போடமாட்டார்கள்.
எண்பத்தெட்டு 'சி' ஆனது.
மூன்று தசம் ஆறு ஒன்பது.

அதே பாடத்தில் எனக்கு 'ஏ'.
அவளுடைய குறிப்பில் படித்த 'ஏ'.
ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தாள்:
"இந்த இடத்திலை எல்லாரும் பிழை விடுவினம், கவனம்."
நான் அந்த இடத்தில் பிழை விடவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் நாற்பத்தொருவர்.
தமிழில் வேகமாகத் தட்டச்சு அடிப்பேன் என்பதால்
சேர்ந்த அன்றே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.
சான்றிதழ் அச்சடிக்க வேண்டும்.
தட்டாதெருச் சந்திப் போட்டோக்கொப்பிக் கடையில்
பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு வரை நிற்பது அவள்தான்.
தெரியும். அதனால்
கொக்குவில் வரைக்கும் சைக்கிள் உழக்கினேன்.
அந்தக் கடை பூட்டு.
திரும்பி வந்தேன்.

பென்டிரைவை வாங்கினாள். திறந்தாள்.
நாற்பத்தொரு பெயரையும் மேலிருந்து கீழ்
ஒருக்கால் வாசித்தாள்.
நான் தெருவில் போன மினிபஸ்ஸைப் பார்த்தேன்.
"சத்தியகிரன் எண்டு கிடக்கு.
கீரன் எல்லோ நீ?
உன்ர சுழியைக் காணேல்லை."

நாற்பது பெயரை மூன்று தரம் சரிபார்த்தவன்
என்னுடையதைப் பார்க்கவில்லை.
ஒரு தட்டுத் தட்டினாள்,
சுழி வந்து எழுத்தின் தலையில் குந்தியது.
"தாள் தடிச்சதோ, மெல்லிசோ?"
"தடிச்சது."
"அப்ப ஒண்டு முப்பத்தைஞ்சு."
ஆயிரத்து நானூற்று நாற்பது கொடுத்தேன்.
மிச்சம் ஐந்துக்குச் சில்லறை இல்லை,
ஒரு ரொபி தந்தாள்.

சனிக்கிழமைகளில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன்.
இருபதில் பதினொரு மணித்தியாலம் முடிந்தது.
கையில் இருப்பது அவளுடைய குறிப்பின் கொப்பி,
பச்சை மை அதில் கறுப்பாக விழுந்திருக்கிறது.
"இதை எழுதின ஆளும் கழகமோ அண்ணை?"
முன் வாங்கில் இருந்தவன் கேட்டான்.

இந்தக் கழகத்துக்கு விண்ணப்பம் இல்லை
என்று தொடங்கினேன்.
கரண்ட் போய் மின்விசிறி நின்றது.