மூன்று தலையணை

எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்
என்று கேட்கிறார் டாக்டர்.
போன தீபாவளிக்கு ஒன்று.
இப்போது மூன்று,
அதுவும் போதாத இரவுகளில்
பூன் லே வீட்டு ஜன்னலோரம்
விடியும்வரை நாற்காலி.

பதினோரு வருடம்
மரினா அணைக்கட்டில் பம்ப் பார்த்தவன் நான்.
மழையும் கடலேற்றமும் சேர்ந்து வந்தால்
கதவைத் திறக்கக்கூடாது.
உள்ளே நிற்கும் தண்ணீரை
இயந்திரம்தான் தூக்கிக் கடலில் கொட்டவேண்டும்.

என் பம்ப் நூற்றுக்கு இருபத்தெட்டாம்,
ஸ்கேன் சொல்கிறது.
முன்னே தள்ள முடியாதது
பின்னே தேங்குகிறது.
கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி;
குழி மெல்ல, யோசித்து, மேலே வருகிறது.

சிறுநீரகம் ஒரு வெகுளிக் கணக்குப்பிள்ளை.
வரும் ரத்தம் குறைந்ததும்
நாடே வறண்டுவிட்டதென்று
உப்பையும் நீரையும் பூட்டி வைக்கிறது.
அதன் விசுவாசத்தில்தான் மூழ்குகிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.
வேதநாயகி கோடு போட்டுவைத்த போத்தலில்
இரவு ஒன்பதுக்கே
இரண்டு மிடறுதான் மிச்சம்.
வெளியே டிசம்பர் மழை
கால்வாய் முட்ட ஓடுகிறது.

இரவு ஷிப்ட் இர்ஷாத்துக்குப் போன் போட்டேன்.
கடல் எவ்வளவு ஏறியிருக்கு?
"அங்கிள், இன்னும் படுக்கலையா?"