பாடம் ஏழு, செயப்பாட்டுவினை

ரூவியில் டயர் கடைக்கு மேல் மாடி,
வெள்ளிக்கிழமை மாலை ஆறரை.
மிஸ் ஜோஸ்லினுக்குப் பகலில் பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்.
என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
வாசித்ததற்குப் பதில் எழுது என்பாள்,
தப்பென்றாலும் எழுது, வெறும் தாளாகக் கொடுக்காதே.

முதல் பாடத்தில் ஒரு குடும்பம் ஏரிக்கரைக்குப் போனது.
வீ வென்ட். வீ ஏட். வீ வேர் ஹேப்பி.
கேள்வி: இந்தப் பயணம் உங்களுக்குப் பிடித்ததா?
என் பதில்: மேடம்,
இந்த வீ நாமா, நாங்களா?
நாம் என்றால் எனக்கும் ஒரு சாண்ட்விச் உண்டு.
நாங்கள் என்றால்
மரத்துக்குப் பின்னால் நின்று பார்க்கிறவன் நான்.
அது தெரிந்தால்தான் பிடித்ததா என்று சொல்ல முடியும்.
சிவப்பு மையில் வந்தது:
முழு வாக்கியத்தில் விடை எழுதவும்.

மூன்றாம் பாடம் பனி.
சிறுமி ஒருத்தி ஜன்னலைத் திறக்கிறாள், ஊரெல்லாம் வெள்ளை.
நீங்கள் பனியைப் பார்த்ததுண்டா? ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.
பார்த்திருக்கிறேன்.
வாடி கபீர், கிடங்கு எண் நாலு,
மைனஸ் பதினெட்டு.
பிரேசில் கோழிப் பெட்டிகளின் மேல் முளைக்கும்,
என் இமைமயிரிலும்.
உங்கள் பாடத்தில் பனி சத்தமில்லாமல் விழுகிறது.
எங்கள் பனிக்கு கம்ப்ரஸர் சத்தம்.
வெளியே வந்தால் ஜூன் மாதம், நாற்பத்தாறு டிகிரி,
மூக்குக்கண்ணாடி போட்டவனுக்கு
ஒரு நிமிஷம் உலகம் இருக்காது.
அந்தச் சிறுமி ஏன் கையுறை இல்லாமல் தொடுகிறாள்?
அவள் அம்மாவிடம் சொல்லுங்கள்.
சொற்கள் மிகுந்ததற்கு ஒரு மார்க் குறைத்து
பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருந்தாள்.

ஐந்தாம் பாடத்துக்கு நான் போகவில்லை. இரட்டை ஷிப்ட்.

ஏழில்தான் அது வந்தது.
ஜன்னல் உடைக்கப்பட்டது. கடிதம் அனுப்பப்பட்டது.
செய்தவன் யாரென்று தெரியாவிட்டால்,
அல்லது முக்கியமில்லாவிட்டால்,
அவனை விட்டுவிடலாம் என்றாள் மிஸ்.
தமிழிலும் இருக்கிறது,
பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண்.
அப்புறம் வாயில் வந்ததில்லை.
எங்கள் பக்கம் பானை உடைந்தால்
எவம்ல ஒடைச்சது என்பதுதான் முதல் பேச்சு.

செவ்வாய்க்கிழமை ரஃபிகுல் உள்ளே இருந்தான்.
சில்ஹெட்காரன், வகுப்பில் என் பெஞ்சு.
ஆளை எண்ணாமல், ஒரு குரல் கொடுக்காமல்
கதவை இழுத்துப் பூட்டிவிட்டு
லாரிக்குக் கையெழுத்துப் போடப் போனார் சூப்பர்வைசர்.
உள்ளே இருக்கும் அவசர மணி
நோன்புக்கு முன்னாலிருந்தே ரிப்பேர்.
நாற்பது நிமிஷம்.
வலது கையுறை ஏற்கெனவே நனைந்திருந்தது.

அறிக்கை எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.
நீதானே இங்கிலீஷ் படிக்கிறாய்.
மிஸ்டர் பிரதாபன் குளோஸ்டு தி டோர்
என்று தொடங்கினேன்.
அவர் கோபப்படவில்லை. அண்ணன் மாதிரி தோளில் கை வைத்து
பேனாவை வாங்கி, அடித்துவிட்டு எழுதினார்:
தி டோர் வாஸ் குளோஸ்டு.
இலக்கணப் பிழை ஏதும் இல்லை. நான் சரிபார்த்தேன்.
கீழே கையெழுத்தும் போட்டேன்.
விசா டிசம்பரில் முடிகிறது.

அன்றிரவு வீட்டுப்பாடம்:
ஐந்து வாக்கியங்களைச் செயப்பாட்டுவினைக்கு மாற்றுக.
பையன் கோப்பையை உடைத்தான்.
பையன் கோப்பையை உடைத்தான் என்றே எழுதினேன்.
ஐந்தும் அப்படித்தான்.
ஆறாவதாக, யாரும் கேட்காத ஒன்று:
நான் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்துக்கு சைபர்.
ஆறாவதின் கீழ் மிஸ் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாள்.
சரி என்றும் இல்லை, தப்பென்றும் இல்லை.

இந்த வெள்ளி ரஃபிகுல் வந்தான், கை முழுக்கக் கட்டு.
அவன் சொல்ல, நான் எழுத வேண்டும்.
பாடம் எட்டு, பருவங்கள்.
உங்களுக்கு மிகவும் பிடித்த பருவம் எது, ஏன்?
ரொம்ப நேரம் யோசித்து
டீ பிரேக் என்றான்.
அது பருவம் இல்லைடா என்றேன்.
எழுது என்றான்.
எழுதினேன். ஏன்?
பிகாஸ் வீ ஆர் அவுட்சைட்.